கழுத்தில் கத்தி இருந்தபோது கேட்ட பாட்டு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, ஆலய வீதி மணலில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் ஊரவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பெயரறியாத புதிய பாடகர்களையும் இசைக்குழுக்களையும் நமக்குக் கண்டெடுத்துத் தருவது மனிதச் செவியா, கைத்தொலைபேசிச் செயலியா என்பது இன்றைய வினா. மனிதச் செவியே என்று வாதிட நான் வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி, ஸ்பொட்டிஃபை என்ற இசைச் செயலி 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்துவிட்டது என்றும், இனி வன்னியில் பாடும் ஒருவர் கொழும்பிலோ சென்னையிலோ எவர் வாசலிலும் காத்து நிற்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். அதற்குச் சான்றாக, இலங்கைப் பாடகி யொஹானி பாடிய "மெனிகே மகே ஹிதே" என்ற சிங்களப் பாடல் அதே ஆண்டில் இந்தியாவெங்கும் ஒலித்ததை எடுத்துக் காட்டினார். அவர் சொன்ன செய்திகளில் பிழை இல்லை. அந்தப் பாடல் எப்படிப் பரவியது என்பதைத்தான் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அந்தப் பாடலை முதலில் பாடி வெளியிட்டவர் சதீஷன் ரத்நாயக்க. அது 2020ஆம் ஆண்டு. அன்றும் யூடியூப் இருந்தது, செயலிகளும் இருந்தன, ஆனால் இந்தியாவுக்கு அந்தப் பாடல் இருப்பதே தெரியாது. மறு ஆண்டு மே மாதத்தில் யொஹானி அதைத் தம் குரலில் சதீஷனோடு சேர்ந்து மீண்டும் பாடினார். அதன் பிறகு, அமிதாப் பச்சனின் பழைய நடனக் காட்சி ஒன்றோடு அந்த இசை இணைக்கப்பட, அவர் அதைத் தம் பக்கத்தில் பகிர்ந்தார். ஒருவர் கேட்டு இன்னொருவரிடம் "இதைக் கேள்" என்று நீட்டிய இடங்களில்தான் அந்தப் பாடல் அடுத்த படிக்கு ஏறியிருக்கிறது. செயலி அதைச் சுமந்து சென்றது என்பதை நான் மறுக்கவில்லை. நம் ஊர் வண்டியான தட்டிவானும் நெல் மூட்டையைச் சுமந்து செல்கிறது. அதற்காக, வயலை விதைத்தது தட்டிவான் என்று யாரும் சொல்வதில்லை.

செயலி எவ்வாறு பரிந்துரைக்கிறது என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம். இந்தப் பாடலைக் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்கள், எதைச் சேமித்தார்கள், எதைப் பாதியில் தாண்டிச் சென்றார்கள் என்ற எண்ணிக்கைகளையே பெரும்பாலும் தொகுத்து, உங்களைப் போன்றவர்களுக்குப் பிடித்ததை அது உங்களுக்கு நீட்டுகிறது. ஏற்கெனவே கேட்கப்பட்ட பாடலுக்கு இந்தக் கணக்கு மிக அழகாக வேலை செய்யும். ஆனால் நேற்று இரவு விசுவமடுவில் ஓர் இளைஞர் பாடிப் பதிவேற்றிய பாடலை இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. கூட்டுவதற்கு எண் இல்லாத இடத்தில் கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? லுமினேற் என்ற இசைத் தரவு நிறுவனம் 2023ஆம் ஆண்டின் நிலையைக் கணக்கிட்டபோது, இணைய இசைச் சேவைகளில் இருந்த ஏறத்தாழ 18 கோடி 40 இலட்சம் ஒலிப்பதிவுகளில் 4 கோடி 56 இலட்சம் ஒலிப்பதிவுகளை அந்த ஆண்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்று கண்டது. நான்கில் ஒன்று. போதாததற்கு, 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்குப் பங்குப் பணம் இல்லை என்ற விதியை ஸ்பொட்டிஃபை 2024 முதல் நடைமுறைப்படுத்துகிறது. அந்த 1,000 முறையை முதலில் எங்கிருந்து கொண்டு வருவது? அயலவர், நண்பர், பள்ளித் தோழர், திருவிழாக் கூட்டம் என்று மனிதரிடமிருந்துதான் கொண்டு வர வேண்டும்.

இந்த இடத்தில் நம் கூத்து மேடையை நினைத்துப் பார்க்கிறேன். காத்தவராயன் கூத்தில் நாயகன் வேடத்தை ஒருவரே விடியும்வரை ஆடுவதில்லை; சிறுவன் காத்தானாக ஒருவர், வளர்ந்த காத்தானாக இன்னொருவர், கழுவேறும் காத்தானாகக் கைதேர்ந்த மற்றொருவர் என்று வேடம் கைமாறிக்கொண்டே இருக்கும். ஊர் திரண்டு வருவது அந்தக் கடைசிக் காத்தானைப் பார்க்கத்தான். ஆனால் அவர் வரும்வரை, கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் அந்த ஆண்டு புதிதாகத் தெரிந்தெடுத்த பொடியனின் குரலை எல்லோரும் கேட்டே ஆக வேண்டும். ஆர்மோனியத்துக்கும் மேலால் அவன் குரல் எழும்புகிறதா, சிந்து நடையில் கால் தவறாமல் பாடுகிறானா என்று பாட்டிமார் வெற்றிலையை மென்றுகொண்டே கணித்துவிடுவார்கள். புதியவருக்கான நேரத்தை நிகழ்ச்சிக்குள்ளேயே கட்டி வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு நிகரான ஒன்றை எந்தச் செயலியிலும் நான் காணவில்லை. அங்கே 30 விநாடி கேட்டால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. அதற்கு முன்பே விரலால் தள்ளிவிட்டால், அந்தப் பொடியன் கணக்கில்கூட இல்லை.

எதிரணியினர் குறுக்கிடக்கூடும்: இது பழைய கதை, மின்னணு உலகத்துக்குப் பொருந்தாது என்று. சரி, கூத்தை விட்டு வெளியே வருவோம். வட அயர்லாந்தில் டெரி என்றொரு நகரம் உண்டு. 1970களில் அங்கே படையினரும் காவலரண்களும் துப்பாக்கிச் சூடும் அன்றாட வாழ்க்கையாக இருந்தன. அந்த வாழ்க்கை எப்படிப்பட்டதென்று இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நகரத்து இளைஞர்கள் ஐவர் அண்டர்ரோன்ஸ் என்ற குழுவை அமைத்துப் பாடினார்கள். பெல்ஃபாஸ்ற் நகரில் இசைத்தட்டுக் கடை நடத்திய ஒருவர் 1978இல் அவர்களுடைய பாடலைத் தம் சிறிய வெளியீட்டகத்தின் வழியே பதிப்பித்து, இலண்டனுக்குக் கொண்டு சென்று பெரிய நிறுவனங்களின் கதவுகளைத் தட்டினார். ஒன்றும் திறக்கவில்லை. பிபிசி வானொலியின் ஜோன் பீல் என்ற அறிவிப்பாளரிடமும் ஒரு தட்டைச் சேர்ப்பித்தார். பீல் அதை ஒலிபரப்பினார். முடிந்ததும் மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து ஒலிபரப்பினார். அதற்குப் பின்தான் பெரிய நிறுவனம் ஒன்று அந்த இளைஞர்களைத் தேடி வந்தது. 1967 முதல் 2004இல் இறக்கும்வரை அந்த மனிதர் பெயரறியாதவர்கள் அனுப்பிய நாடாக்களையும் தட்டுகளையும் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரே பாடலை அடுத்தடுத்து இருமுறை போடுவதற்கு எந்த எண்ணிக்கையும் அவருக்குக் காரணம் சொல்லவில்லை. அவருடைய செவி சொன்னது. நம் நாட்டிலும் 1970களில் ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் போன்றோரின் பொப்பிசை, திரைப்படத்தின் தோள் எதுவும் இல்லாமலே வானொலி அறிவிப்பாளர்களின் வாய்வழியாகவும் மேடை வழியாகவும் வீடுகளுக்குள் வந்தது.

வானொலி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காத 1990களில் இங்கே நாம் எப்படி வானொலி கேட்டோம்? துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து, ஒருவர் மிதியைக் கையால் சுற்றிக்கொண்டிருக்கப் பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்டோம். சுற்றுபவர் களைத்தால் பாட்டு மங்கும். தம் கை வலிக்க அடுத்தவருக்குப் பாட்டுக் கேட்க வைத்தவர்களின் பிள்ளைகள் இன்று, பரிந்துரைப் பட்டியல் தானாக ஓடட்டும் என்று தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க மாட்டேன். நடுவர் எப்படியும் கேட்கத்தான் போகிறார். திருவிழா உபயகாரர்கள் பெருந்தொகை கொடுத்து அழைக்கும் இசைக்குழுக்களிடம் நாம் கேட்பதும் தெரிந்த சினிமாப் பாடலையே. சொந்தப் பாடல் ஒன்றைப் பாடத் தொடங்கும் இளைஞரிடம் "தெரிஞ்ச பாட்டா ஒண்டு பாடு தம்பி" என்று துண்டு எழுதி அனுப்பும் வழக்கம் எங்களூரிலும் உண்டு. அப்படி ஒரு துண்டை எழுதிய குற்றவாளிகளில் நானும் ஒருவன். மனிதச் செவி சோம்பல்படும் என்பதற்கு நானே சாட்சி. ஆனால் சோம்பல்பட்ட செவியைத் தட்டி எழுப்பியது எது என்பதையும் சொல்கிறேன்.

சென்ற ஆவணியில் பரந்தன் சந்திக்கு அருகேயுள்ள சலூன் ஒன்றில் சவரத்துக்காக அமர்ந்திருந்தேன். அங்கே ஒரு பாட்டு ஓடியது. கிற்றாரும் உடுக்கும் மட்டும். குளத்துக் கதவு திறக்கும் நாளில் வாய்க்கால் ஓரமாக நீருக்கு முன்னே ஓடும் பிள்ளைகளைப் பற்றிய வரிகள். முதல் அரை நிமிடம் எனக்குப் பிடிக்கவில்லை, குரல் கரகரத்தது. வீட்டில் இருந்திருந்தால் விரலால் தள்ளியிருப்பேன். ஆனால் கழுத்தில் கத்தி இருக்கும்போது "பாட்டை மாத்து" என்று சொல்லும் துணிவு யாருக்கு வரும்? ஆகவே கேட்டேன். இரண்டாவது சரணத்தில் உடுக்கு மெல்ல வேகம் பிடித்து, வாய்க்காலில் நீர் வந்துவிட்டதென்று அந்தக் கரகரத்த குரல் அறிவித்தபோது, சிறு வயதில் இரணைமடுக் குளத்துத் தண்ணீருக்காக நான் ஓடிய வாய்க்கால் கரை கண்ணுக்குள் வந்தது. யார் பாடியது என்று கேட்டேன். எங்கள் ஊர்ப் பொடியன்தான், பதிவு செய்த அன்றே வட்ஸ்அப்பில் அனுப்பினான், நாளுக்கு நாலு தரம் போடுகிறேன், வந்து இருக்கிறவர்கள் கேட்கட்டும் என்றார் சலூன்காரர். அந்தக் கதிரையில் அமர்ந்து எழுந்த பலர் பாட்டைத் தம் தொலைபேசிக்கு வாங்கிச் சென்றிருக்கிறார்கள். நானும் வாங்கினேன். என் தொலைபேசியிலுள்ள செயலியோ, தமிழ்ப் பாடல் விரும்பி என்று என்னை அறிந்துகொண்ட நாள் முதல் சென்னைத் திரைப்படப் பாடல்களையே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொடியனின் பெயரை அது இன்றுவரை எனக்குக் காட்டவில்லை.

என் கூற்றைச் சோதிக்க விரும்பும் எதிரணித் தம்பி அதற்காகத் தொலைபேசியை எடுத்துத் தேட வேண்டியதில்லை. இன்று பின்னேரம் இந்தப் பந்தலுக்கு ஒலிபெருக்கி கட்டி, தம்பி பேசிய ஒலிவாங்கியை உயரம் சரிபார்த்துக் கொடுத்தவர்தான் அந்தப் பாடகர். இப்போதும் மின்பிறப்பாக்கிக்குப் பக்கத்தில் நிற்கிறார். தீர்ப்புக்கு முன் நடுவர் ஐந்து நிமிடம் ஒதுக்கினால், அந்த ஒலிவாங்கியை அவரிடமே கொடுத்துவிட்டு நான் அமர்ந்துகொள்கிறேன்.