திருப்பாச்சேத்திக் கொல்லர்கள் சார்பாக ஒரு பதில்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

தொழில்நுட்பத்தால் வரும் தீமைக்குப் பொறுப்பு, அதைச் செய்தவருக்கா, பயன்படுத்துகிறவருக்கா? இதுதான் தலைப்பு. செய்தவருக்குத்தான் என்று பேச வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பாக்கி இருக்கிறது. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு வரி சொன்னார். "அரிவாள் அடிச்ச கொல்லன் மேலே கேஸ் போடுவீங்களா? போட்டா திருப்பாச்சேத்தியில ஒரு ஆள் வெளியே இருக்க முடியாதே!" அரங்கமே அதிர்ந்தது. கடைசி வரிசையில் ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து நின்று சிரித்தார். நானும் பார்த்தேன்.

அந்தக் கைதட்டலை வாங்காமல் நான் இறங்கப் போவதில்லை.

அண்ணே, கொல்லரைச் சாட்சியாகக் கூப்பிட்டது நீங்கள். வந்துவிட்டார், நிற்கிறார். இனி குறுக்கு விசாரணை என்னுடையது.

திருப்பாச்சேத்திப் பட்டறையில் போய் "ஒரு அரிவாள் வேணும்" என்று சும்மா சொல்லிப் பாருங்கள். இரும்பை உலையில் வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும். "எதுக்கு?" கதிர் அறுக்கவா, விறகு வெட்டவா, பாளை சீவவா, கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனா? ஒவ்வொன்றுக்கும் வளைவு வேறு, எடை வேறு, பிடி வேறு. பயன்பாட்டைக் கேட்காமல் அவரால் பொருளையே செய்ய முடியாது. "நான் செய்வேன், எதுக்குன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லும் கொல்லர் இந்த நாட்டில் கிடையாது.

அது மட்டுமா? 2021இல் தமிழ்நாட்டில் அடுத்தடுத்துப் பழிக்குப் பழிக் கொலைகள் விழுந்தபோது காவல்துறை என்ன செய்தது? ரவுடிகளைப் பிடித்ததோடு நிற்கவில்லை. பட்டறைக்காரர்களையும் கடைக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னது: விவசாய வேலைக்கும் வீட்டு வேலைக்கும் மட்டும் விற்கவேண்டும், வாங்குபவர் பெயர், முகவரி எழுதி வைக்கவேண்டும், கேமரா பொருத்தவேண்டும். ஆக, அண்ணன் எந்தக் கொல்லரைக் காட்டி "இவருக்கு என்னய்யா பொறுப்பு" என்று கேட்டாரோ, அந்தக் கொல்லர் கையில் நோட்டுப் புத்தகம் இருக்கிறது! ஒரு நாளைக்கு இரண்டு அரிவாள் அடிக்கிற ஏழைத் தொழிலாளியிடம் "யாருக்கு விற்றாய், எதற்கு விற்றாய்" என்று கேட்கிற நாம், கோடிக்கணக்கான பேர் கையில் ஒரு கருவியைக் கொடுத்தவனிடம் கேட்கக் கூடாதா?

இன்னும் ஒன்று கேட்கிறேன். அரிவாள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். அதோடு கொல்லருக்கும் அதற்கும் தொடர்பு முடிந்தது. அது எரவாணத்தில் செருகியபடி கிடக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அது குதித்து வந்து, "எழுந்திரி, பக்கத்து வீட்டுக்காரன் புது வேலி போட்டிருக்கான், வந்து பாரு" என்று எழுப்புமா? "நீ என்னைத் தொட்டு மூணு நாள் ஆச்சு" என்று ஏங்குமா? நாம் தூங்கும்போது தானாக வளைவை மாற்றிக்கொள்ளுமா? நம் கையில் இருக்கும் செல்போன் செயலி இவ்வளவையும் செய்கிறது. விற்ற பிறகும் செய்தவன் கை அதன் மேல் இருக்கிறது. தினமும் இருக்கிறது.

இதை நான் எந்தப் பேராசிரியரிடமும் படிக்கவில்லை. என் சித்தப்பாவிடம் கற்றுக்கொண்டேன். அவரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், நடுவர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சித்தப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புயல் அடித்தால் ஊரே கதவைச் சாத்தும், அவர் மட்டும் கம்பம் ஏறுவார். அப்படிப்பட்ட மனிதர். ஓய்வு பெற்றபோது மகன் ஒரு ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்தான். அதில் வாட்ஸ்அப் வந்தது. ஊருக்குக் கரண்ட் கொடுத்தவர், அதன் பிறகு ஊருக்குத் தகவல் கொடுக்க ஆரம்பித்தார்.

காலை நாலரைக்கு ரோஜாப்பூ வணக்கம். ஐந்து மணிக்குப் பிளாஸ்டிக் அரிசி. ஐந்தரைக்கு, "அவசரம், குழந்தைக்கு ரத்தம் தேவை, அதிகம் பகிரவும்." அந்தக் குழந்தை இந்நேரம் காலேஜ் முடித்து வேலைக்குப் போயிருக்கும், சித்தப்பா இன்னும் ரத்தம் தேடிக்கொண்டிருந்தார்! ஏன் என்று கேட்டால் ஒரே பதில். "நாலு பேருக்குத் தெரியட்டும்டா." அந்த மனதில் ஒரு துளி கெட்ட எண்ணம் கிடையாது. அதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

2018 ஆடி மாதம். ஒருநாள் காலையில் சித்தப்பா வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டு செல்போன் கடைக்கு ஓடுகிறார். கடைப் பையன் அப்போதுதான் ஷட்டரைத் தூக்குகிறான். சித்தப்பா போனை நீட்டுகிறார்.

"தம்பி, போன்ல லைன் ட்ரிப் ஆகுது."

"என்னாச்சு ஐயா?"

"அஞ்சு பேருக்கு மேல லோடு எடுக்க மாட்டேங்குது. ஆறாவது ஆளைத் தொட்டா நின்னுடுது. ஃபியூஸ் போயிருச்சா பாரு."

பையன் அழுத்திப் பார்த்தான், அணைத்துப் போட்டான், சார்ஜ் பார்த்தான். "ஐயா, போன் நல்லாத்தான் இருக்கு. கம்பெனிக்காரனே அஞ்சுன்னு வச்சுட்டான்."

"எந்தக் கம்பெனி?"

"வாட்ஸ்அப்காரன். அமெரிக்காவுல இருக்கான்."

சித்தப்பா போனைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பட்டிமன்றத்துக்கு அதைவிடப் பெரிய கேள்வி தேவையில்லை. "அவன் அமெரிக்காவுல உக்காந்துகிட்டு இங்க என் விரலை எப்படிடா பிடிக்கிறான்?"

கேட்டீர்களா ஐயா? அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு என் விரலை எப்படிப் பிடிக்கிறான்! பிடிக்க முடிகிறது அண்ணே! பிடிக்க முடிந்தவனுக்குப் பொறுப்பு இல்லை என்றால் வேறு யாருக்கு?

கதை முடியவில்லை. சித்தப்பா விடுகிற ஆள் இல்லையே. வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். ஐந்து ஐந்து பேராக அனுப்புவது என்று முடிவெடுத்தார். முதல் ஐந்து, சம்பந்தி வீடு. அடுத்த ஐந்து, பழைய ஆபீஸ் ஆட்கள். மூன்றாவது ஐந்து தேடி எடுப்பதற்குள் கண்ணாடி வழுக்கியது. சித்தி டீ கொண்டுவந்தார். டீ குடித்ததும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று துண்டை விரித்துப் படுத்துவிட்டார். ஊரையே சுற்றிவர வேண்டிய பிளாஸ்டிக் அரிசி அந்தத் திண்ணையோடு நின்றது. சித்தி வாசலில் நின்று அந்த முகம் தெரியாத அமெரிக்காக்காரனைக் கும்பிட்டார்.

இப்போது இதே கதையை எதிரணி கண்ணாடி வழியாகப் பாருங்கள். "மக்கள் திருந்தினால் போதும், கருவி மேல் குற்றம் இல்லை" என்று எதிரணி வழக்கறிஞர் அக்கா சொன்னார். சித்தப்பா திருந்தினாரா? ஒரு நாளிதழ் கூடுதலாகப் படித்தாரா? அதே சித்தப்பா, அதே விரல், அதே திண்ணை. பட்டன் ஒன்றுதான் மாறியது. அவரோடு போகவில்லை இது. இப்படிக் கட்டுப் போட்ட பிறகு உலகம் முழுக்க ஃபார்வர்டு செய்வது 25 சதவீதம் குறைந்தது என்று அந்த நிறுவனமே சொன்னது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்தது என்று சொன்னதும் அவர்களேதான். மக்களுக்குப் புத்தி வர ஒரு தலைமுறை ஆகும், நானும் அதற்காகப் பேசுகிறவள்தான். பட்டனை மாற்ற அவ்வளவு காலம் ஆகவில்லையே!

சட்டத்துக்கும் இது புதிது இல்லை. ஸ்கேன் சென்டருக்குப் போனால் பலகை பார்த்திருப்பீர்கள்: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரிவிப்பது குற்றம். 1994 சட்டம் அது. அதோடு இன்னொரு பிரிவும் உண்டு. பதிவு செய்யாத இடத்துக்கு ஸ்கேன் கருவியை விற்பதே குற்றம். யாருக்கு விற்றோம் என்று கருவி செய்யும் கம்பெனியும் அரசுக்குக் கணக்குக் கொடுக்கவேண்டும். சேலத்திலும் உசிலம்பட்டியிலும் பெண் சிசுக்களைப் பறிகொடுத்த மாநிலம் இது. "கருவி என்ன செய்யும் பாவம்" என்று நாம் அன்றைக்கும் இருந்திருந்தால், இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் எத்தனை பெண் பிள்ளைகள் பிறந்திருக்க மாட்டார்களோ.

இதுவரை சிரித்தோம். இனி சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்லவேண்டும்.

சித்தப்பா விரலில் ஐந்து என்று கட்டுப் போட்டார்களே, ஏன் போட்டார்கள்? 2018 மே மாதம். வட மாவட்டங்களில் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவுகிறது: பிள்ளை பிடிக்கும் வடமாநிலக் கும்பல் வந்திருக்கிறது. அந்த ஆண்டு இந்தியா முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்றில், பைக்கில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிப் போவார்கள். அது கராச்சியில் பெற்றோரின் விழிப்புணர்வுக்காக எடுத்த படம். கடைசியில் அவர்களே குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியை நம் வீட்டுக்குள் அனுப்பினார்கள்.

சென்னையிலிருந்து 65 வயது அம்மா ஒருவர், உறவினர்களோடு காரில் குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பினார். திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம், அத்திமூர். வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்த அம்மா சாக்லேட் கொடுத்தார். நம் வீட்டுப் பாட்டி கொடுக்க மாட்டாரா? பிள்ளையைப் பார்த்தால் கை தானாகப் பைக்குள் போகாதா? அதற்காக அவரை அடித்தே கொன்றார்கள். கூட வந்தவர்கள் படுகாயத்தோடு கிடந்தார்கள்.

ஜூலை 1. மகாராஷ்டிரம், துலே மாவட்டம், ரெயின்பாடா கிராமம். அதே வதந்தி, நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் பலி. ஜூலை 13. கர்நாடகம், பீதர் மாவட்டம். ஹைதராபாதிலிருந்து நண்பர்களோடு வந்த மென்பொருள் பொறியாளர் ஒருவர் பலி. அங்கேயும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்கள் கொடுத்தது சாக்லேட்தான்.

அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் அந்த நிறுவனம் ஐந்து என்று அறிவித்தது.

ஐயா, அடித்தவனை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அவனுக்குச் சிறை, அதில் எதிரணியோடு எனக்குச் சண்டையே இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். ஐந்து என்ற எண் மே மாதத்தில் உலகத்தில் இல்லையா? ஜூலையில் முடிந்த வேலை மே மாதத்தில் முடியாதா? அத்திமூருக்கு அந்த அம்மா கிளம்புவதற்கு முந்தின நாள் யாரோ ஒருவர் தன் மேஜையில் உட்கார்ந்து அந்தப் பட்டனை மாற்றியிருந்தால்?

அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பது யார் தெரியுமா? இந்த அரங்கில் இருக்கிற எத்தனை அம்மாக்களின் பிள்ளைகள் தரமணியில், பெங்களூருவில், கடல் கடந்து கலிபோர்னியாவில் இதே வேலையில் இருக்கிறார்கள்! நகையை அடகு வைத்து இன்ஜினீயரிங் படிக்க வைத்தீர்களே, அந்தப் பிள்ளைகள்தான். பீதரில் செத்துப்போனவனும் அப்படி ஒரு தாய் வளர்த்த பிள்ளைதான். அம்மா, இன்றைக்கு ராத்திரி உங்கள் பிள்ளை போன் பண்ணுவான். சாப்பிட்டியா என்று கேட்பீர்கள். கூடவே இதையும் கேளுங்கள். "கண்ணு, நீ செய்யுற அந்தச் சாமான் எங்கேயாவது யாரையாவது அழ வைக்குதான்னு பார்த்தியாப்பா?" மேனேஜர் கேட்டால் மழுப்பலாம், கோர்ட் கேட்டால் வக்கீல் வைக்கலாம். அம்மா கேட்டால் அவன் அன்றைக்குத் தூங்க மாட்டான். அடுத்த நாள் மீட்டிங்கில் கையைத் தூக்குவான்.

அவன் கையைத் தூக்கும்போது பக்கத்துச் சீட்டுக்காரன், "உனக்கு எதுக்குப்பா இந்தக் கவலை, தப்பெல்லாம் பயன்படுத்துறவனோடது" என்று அவன் கையை இறக்கிவிடப் பார்ப்பான். நடுவர் அவர்களே, அந்தப் பக்கத்துச் சீட்டுக்காரனுக்குச் சாதகமாக இந்த மேடையிலிருந்து தீர்ப்புப் போய்விடக் கூடாது. எங்கள் அணிக்குத் தாருங்கள். வணக்கம்.