நேற்று ஏழு, இன்று ஐந்து

வணக்கம்.

பத்திரிகைக்காரன் என்று தெரிந்துவிட்டால் போதும், எங்கே போனாலும் ஒரு கேள்வி வந்துவிடும்: “உண்மையைச் சொல்லுங்க சார், எதை மறைக்கிறீங்க?” நான் டெஸ்க்கில் வேலை பார்த்தவன். நிருபர்கள் அனுப்புவதை வாங்கி, சுருக்கி, சரிபார்த்து, தலைப்பு வைத்துப் பக்கத்துக்கு அனுப்புகிற ஆள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால், தெரிந்ததை மறைத்த நேரத்தைவிட, தெரியாமல் தவித்த நேரம்தான் அதிகம். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஒரு கிடங்கில் தீ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டரை மணி. தீயணைப்புத் துறையைக் கேட்டால், “உள்ளே ஆட்கள் இருக்கலாம்” என்கிறார்கள். ஒன்பதேகாலுக்குப் போலீஸ் அதிகாரி “நான்கு உடல்” என்கிறார். மருத்துவமனையில் இருப்பவர் “ஆறு” என்கிறார். வாசலில் அழுதுகொண்டு நிற்கும் குடும்பம் இன்னொருவர் பெயரைச் சொல்கிறது. நிருபர் போனில் கத்துகிறார். டெஸ்க்கிலிருந்து திரும்பத் திரும்பப் போவது ஒரே கேள்விதான்: “யார் சொன்னது?” பதினொரு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். ‘7 பேர் பலி’ என்று போகிறது. விடிந்து பார்த்தால், ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டவரை இரண்டு இடத்திலும் எண்ணியிருக்கிறார்கள். குடும்பம் தேடிய ஆள் அன்றைக்கு வேலைக்கே போகவில்லை. மறுநாள் ‘5’ என்று போடுகிறோம். உடனே கேள்வி வருகிறது: மீதி இரண்டு பேரை எங்கே ஒளித்தீர்கள்?

இது சின்ன விபத்தில் மட்டும் நடப்பதில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய நாட்களில், இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 6,000 பேருக்கு மேல் என்று செய்திகள் வந்தன. ஒரே ஆளைத் தேடி மனைவி ஒரு பக்கம், அலுவலகம் ஒரு பக்கம், நண்பர் ஒரு பக்கம் புகார் கொடுத்திருந்தார்கள். பட்டியலைச் சலிக்க மாதக்கணக்காயிற்று. கடத்தல்காரர்கள் நீங்கலாக 2,977 என்பதுதான் கடைசியில் நின்ற எண். எண்ணிக்கை இறங்கியதற்குக் காரணம், யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்ததுதான். என்னைக் கேட்டால், முதல் மணி நேரத்தில் சொன்ன எண்ணை ஒரு நாளும் மாற்றாத ஊடகத்தைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

அடுத்தது, “எல்லாப் பத்திரிகையிலும் ஒரே வாக்கியம், பேசி வைத்துக்கொண்டு எழுதுகிறீர்கள்” என்பது. வாக்கியம் ஒன்றாக இருப்பது உண்மைதான். அது ஏஜென்சி காப்பி, அதாவது செய்தி நிறுவனம் ஒன்று எழுதி எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்புவது. நியூயார்க்கில் சில பத்திரிகைகள் சேர்ந்து, செய்தி கொண்டுவரும் செலவைப் பங்கு போட்டுக்கொள்ள 1846-இல் தொடங்கியதுதான் அசோசியேட்டட் பிரஸ். 1851-இல் லண்டனில் ராய்ட்டர்ஸ் வந்தது. உலகத்தின் எல்லா ஊரிலும் நிருபர் வைக்க எந்தப் பத்திரிகைக்கும் வசதி கிடையாது. சந்தா கட்டி வாங்குகிறோம். ராத்திரி நேரத்தில் ஆள் குறைவு, வந்ததை வந்தபடி போட்டுவிடுகிறோம். இதில் சதி இல்லை, சோம்பல் வேண்டுமானால் உண்டு. அதற்குத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறோம்.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. செய்தியை எழுதியவர் பெரும்பாலும் தலைப்பை எழுதுவதில்லை. அது டெஸ்க்கில் இருக்கும் சப்-எடிட்டர் வேலை. நிருபர் பெயரைப் பார்த்து, தலைப்புக்காக அவரை வறுத்தெடுக்காதீர்கள். காலையில் பேப்பரைப் பார்த்து உங்களுக்கு முன்னால் கொதித்திருப்பவர் அவராகத்தான் இருக்கும்.

இனி கனமான விஷயத்துக்கு வருகிறேன். தெரிந்தும் வெளியிடாமல் வைத்திருப்பது உண்டா? உண்டு. அதில் மூன்று ரகம் இருக்கிறது, மூன்றையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

பணக்காரர்களும் அரசியல்வாதிகளும் வெளிநாடுகளில் வைத்திருந்த ரகசிய நிறுவனங்களைக் காட்டிக்கொடுத்த பனாமா பேப்பர்ஸ் ஆவணங்கள் வெளியானது 2016 ஏப்ரல் 3. அதற்குமுன் ஏறக்குறைய ஒரு வருடம், நூற்றுக்கும் மேற்பட்ட ஊடகங்களின் நிருபர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தார்கள். மொத்தம் 1 கோடியே 15 லட்சம் ஆவணங்கள். ஒரு பெயர் பட்டியலில் இருப்பதாலேயே அந்த ஆள் குற்றவாளி ஆகிவிடமாட்டார். அதே பெயரில் வேறு ஆளும் இருப்பார். ஒவ்வொன்றையும் தோண்டி, சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்டு எழுத அத்தனை காலம் பிடித்தது. சரிபார்த்து முடியும்வரை வைத்திருப்பது, இது முதல் ரகம்.

இரண்டாவது ரகம், எம்பார்கோ. தகவலை இப்போதே தருகிறோம், இந்த நேரம்வரை வெளியிடாதீர்கள் என்ற ஒப்பந்தம். 1945 மே 7 அதிகாலை, பிரான்ஸின் ரெய்ம்ஸ் நகரில் ஜெர்மனி சரணடைந்து கையெழுத்துப் போட்டதைப் பார்க்க 17 செய்தியாளர்களை நேச நாட்டு ராணுவத்தார் அழைத்துப் போனார்கள். அனுமதி வரும்வரை செய்தி அனுப்பக் கூடாது என்று வாக்கு வாங்கியிருந்தார்கள். பெர்லினில் இன்னொரு சடங்கு நடக்க வேண்டும் என்று சோவியத் தரப்பு விரும்பியதுதான் காரணம். ஜெர்மன் வானொலியே சரணடைந்ததை அறிவித்துவிட்ட பிறகு, அசோசியேட்டட் பிரஸ்ஸின் எட்வர்ட் கென்னடி பொறுக்கவில்லை, செய்தியை அனுப்பிவிட்டார். நிறுவனம் அவரைக் கண்டித்து வேலையை விட்டு அனுப்பியது. 2012-இல்தான் மன்னிப்புக் கேட்டது. அவர் இறந்து அதற்குள் ஐம்பது வருடம் நெருங்கியிருந்தது. என் கட்சி கென்னடி கட்சி. ராணுவ ரகசியத்துக்காக வாயை மூடுவது வேறு, அரசியல்வாதியின் விழா வசதிக்காக மூடுவது வேறு.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்க வந்தது: காசு. முதலாளி போன் போட்டுச் செய்தியை நிறுத்துவாரா? நிறுத்துவார். இல்லை என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். ஆனால் பல இடங்களில் அந்த போனே தேவைப்படாது. எந்த விளம்பரதாரரைத் தொட்டால் கூட்டத்தில் முகம் சுளிப்பார்கள் என்று நிருபருக்கு ஒரு வருடத்தில் பிடிபட்டுவிடும். பிறகு அவர் அந்த ஸ்டோரியைக் கொண்டே வரமாட்டார். கொண்டுவராத செய்தியை யாரும் நிறுத்தியதாகச் சாட்சி இருக்காது. விளம்பரக் காசில் பத்திரிகை நடத்தும் இந்த ஏற்பாட்டின் வேர் பழையது. 1833-இல் நியூயார்க்கில் ‘சன்’ பத்திரிகை, மற்றவர்கள் ஆறு சென்ட்டுக்கு விற்றதை ஒரு சென்ட்டுக்கு விற்றது. மிச்சத்தை விளம்பரதாரர் கொடுத்தார். வாசகருக்குப் பத்திரிகை மலிவானது அப்படித்தான். இன்று இணையத்தில் ஒரு காசும் கொடுக்காமல் படிக்கிறோம். அந்தச் செலவை யார் கொடுக்கிறார்கள் என்று மட்டும் யோசிப்பதில்லை.

‘பெயர் சொல்ல விரும்பாத அதிகாரி’ என்றால் நிருபரின் கற்பனை என்று நினைப்பவர்கள் உண்டு. பெயர் வாசகருக்குத்தான் தெரியாது, நிருபருக்குத் தெரியும். அமெரிக்க அதிபர் நிக்ஸனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் விவகாரத்தில் 1972-இல் வாஷிங்டன் போஸ்ட் நிருபர்களுக்கு வழிகாட்டியவர், அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் இரண்டாம் இடத்தில் இருந்த மார்க் ஃபெல்ட். 2005-இல் அவர் தரப்பே சொல்லும்வரை நிருபர்கள் வாய் திறக்கவில்லை. அதே சமயம், அமைச்சரைப் புகழ்வதற்கெல்லாம் பெயரை ஒளிப்பது வெறும் பம்மாத்து. பெயர் சொன்னால் அந்த ஆளுக்கு என்ன ஆபத்து என்று கேட்டுப் பாருங்கள், எது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, திருத்தம். தப்பை முதல் பக்கத்தில் எட்டுப் பத்தி அகலத்தில் போட்டுவிட்டு, திருத்தத்தை உள்ளே மூலையில் போடுகிறார்கள் என்ற கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். இணையத்தில் இன்னும் மோசம், சத்தமில்லாமல் வரியை மாற்றிவிட்டு ஒரு குறிப்புகூடப் போடாத தளங்கள் இருக்கின்றன. தப்பைப் பார்த்தால் எழுதுங்கள். எந்தத் தேதி, எந்தச் செய்தி, எந்த வரி தப்பு, சரியானது எது, அதற்கு என்ன ஆதாரம் என்று எழுதினால், டெஸ்க்கில் யாராவது எழுந்து போய் நிருபரைக் கேட்டே ஆக வேண்டும். ‘நீங்கள் எல்லாரும் விலை போனவர்கள்’ என்று மட்டும் எழுதினால் அதை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.