தரவுத்தளம் ஓடினால் போதுமா? லினக்ஸும் நிறுவன ஆதரவும்

[திரையில்: ஆரக்கிள் நிறுவியின் முதல் பக்கம்]

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு சர்வரில் ஆரக்கிள் 19சி என்ற தரவுத்தள மென்பொருள் ஓடுமா என்று கேட்டால், ஓடும். விடுபட்ட லைப்ரரிகளைச் சேர்த்து, நிறுவி தேடும் பாதைகளுக்குச் சிம்லிங்க் (வேறிடத்திலுள்ள கோப்பைச் சுட்டும் இணைப்பு) போட்டுப் பலர் ஓடவைத்திருக்கிறார்கள். ஆனால் எந்த இயங்குதளங்களில் ஆதரவு உண்டு என்று சொல்லும் ஆரக்கிளின் சான்றளிப்புப் பட்டியலில் ஆரக்கிள் லினக்ஸ், ரெட் ஹாட், சூசே ஆகியவை இருக்கின்றன. உபுண்டுவும் டெபியனும் இல்லை. நள்ளிரவில் தரவுத்தளம் விழுந்து நீங்கள் சர்வீஸ் ரெக்வெஸ்ட் (ஆரக்கிளிடம் உதவிக் கோரிக்கை) திறக்கும்போதுதான் இந்த வேறுபாடு உறைக்கும். அதே பிழையைச் சான்றளித்த தளத்தில் நிகழ்த்திக் காட்டுங்கள் என்று மறுமுனையில் ஆரக்கிளின் ஆதரவுக் குழு கேட்டால், அதற்கான சர்வர் உங்களிடம் இருக்காது.

பட்டியல் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மைக்ரோசாஃப்ட் 2017-இல் தன் தரவுத்தளமான எஸ்கியூஎல் சர்வரை லினக்ஸுக்குக் கொண்டுவந்தபோதே ரெட் ஹாட், சூசே ஆகியவற்றோடு உபுண்டுவையும் சேர்த்துக்கொண்டது. எஸ்ஏபி நிறுவனத்தின் ஹானா தரவுத்தளமோ ரெட் ஹாட், சூசே இரண்டோடு நின்றுவிடுகிறது.

[திரையில்: பிழைச் செய்தி, ஐஎன்எஸ்-08101]

பட்டியலில் இருக்கும் தளமும் சில நேரம் முரண்டு பிடிக்கும். 2019-இல் வந்த 19சி-யின் அடிப்படை நிறுவியை ரெட் ஹாட் 8-இல் இயக்கினால், தனக்குப் பின் வந்த அந்தப் பதிப்பை அடையாளம் தெரியாமல், இயங்குதளத்தைச் சரிபார்க்கும் கட்டத்திலேயே இந்தப் பிழையோடு நின்றுவிடும். ‘சிவி அஸ்யூம் டிஸ்ட் ஐடி’ என்ற சூழல் மாறிக்கு (நிறுவி படித்துக்கொள்ளும் அமைப்புக்கு) ‘ஓஇஎல்7.8’, அதாவது ஆரக்கிள் லினக்ஸ் 7.8, என்று மதிப்புக் கொடுத்தால் நிறுவி மேலே செல்லும், 19.7 அல்லது அதற்குப் பிந்தைய அப்டேட்டும் அவசியம். இதே மாறியை வைத்து, ரெட் ஹாட்டுக்கு இலவச மாற்றான அல்மா லினக்ஸிலும் நிறுவியை ஏமாற்றலாம். நிறுவிதான் ஏமாறும், ஆதரவுக் குழு ஏமாறாது. இலவசமாக வேண்டும் என்பதே காரணமென்றால், ஆரக்கிள் லினக்ஸையும் கட்டணமின்றிப் பதிவிறக்கிப் பயன்படுத்தலாம் என்பதால், ஆரக்கிள் தரவுத்தளத்துக்கு அல்மாவையோ அதைப் போன்ற ராக்கி லினக்ஸையோ தேர்ந்தெடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

ஒரே டிஸ்ட்ரோவுக்குள்ளும் (லினக்ஸ் வகைக்குள்ளும்) இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் பதிப்பைப் பார்க்க வேண்டும். தரவுத்தளம் பெரும்பாலும் கெர்னலுக்கு வெளியே, பயனர் தளத்தில் இயங்குவதால் சிறிய கெர்னல் மாற்றம் அதைத் தொடுவதில்லை. ஆனால் ஆரக்கிளின் ஏசிஎஃப்எஸ் கோப்பு முறைமை கெர்னல் மாட்யூலாக (கெர்னலுக்குள் ஏறும் துணைநிரலாக) இயங்குவதால், கெர்னலைப் புதுப்பித்து ரீபூட் செய்தபின் அது ஏறாமல் போகலாம்.

[திரையில்: இரண்டு காலக்கோடுகள்]

இயங்குதளத்தின் ஆயுளும் தரவுத்தளத்தின் ஆயுளும் ஒன்றாக முடிவதில்லை. ரெட் ஹாட் 7-இன் வழக்கமான பராமரிப்பு 2024 ஜூன் 30-இல் முடிந்துவிட்டது. 19சி-க்கோ அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆதரவு நீள்கிறது. ஆகவே தரவுத்தளப் பதிப்பை மாற்றாமலே அதை ரெட் ஹாட் 8-க்கோ 9-க்கோ நகர்த்தும் வேலையைத் தனித் திட்டமாகவே வகுக்க வேண்டியிருக்கிறது.