கோரிக்கை மனுவோடு ஒரு பதிவேடு

அவையோருக்கு வணக்கம்.

வென்டிலேட்டரையும் மூச்சுச் சிகிச்சையையும் பார்த்துக்கொள்ளும் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்டுகள் நாலு பேர் கூடினால் ஒரு புலம்பல் கேட்கும். நம்மை வென்டிலேட்டர் டெக்னீஷியன் என்கிறார்கள், தனிப் பணியிடம் இல்லை, ரவுண்ட்ஸில் நம் பேச்சு எடுபடுவதில்லை. நியாயமான புலம்பல்தான். ஆனால் நியாயத்தைப் பார்த்து எந்த நிர்வாகமும் பணியிடம் தந்ததில்லை. அவர்களுக்கு எண் வேண்டும். அந்த எண்கள் நம் கையில்தான் தினமும் பிறக்கின்றன. எழுதி வைக்காததால் ஷிஃப்ட் முடியும்போது அவையும் முடிந்துபோகின்றன.

நோயாளியின் உயரத்திலிருந்து தொடங்குகிறேன். ஏஆர்டிஎஸ் என்ற கடுமையான நுரையீரல் பாதிப்பு பற்றி 2000-ஆம் ஆண்டில் வெளியான ஏஆர்டிஎஸ் நெட்வொர்க் ஆய்வு உங்களுக்குத் தெரியும். 861 நோயாளிகள். டைடல் வால்யூமை, அதாவது ஒரு மூச்சில் உள்ளே போகும் காற்றின் அளவை, கிலோவுக்கு 12 மி.லி.யிலிருந்து 6 மி.லி.க்குக் குறைத்ததில் இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாக இறங்கியது. இதை மறுக்கும் ஐசியு எதுவும் இல்லை. ஓட்டை இருப்பது செயலில். அந்தக் 'கிலோ' தராசு காட்டும் எடை அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. உயரத்தில் 152.4 செ.மீ.யைக் கழித்து, மீதியை 0.91 ஆல் பெருக்கி, ஆணுக்கு 50, பெண்ணுக்கு 45.5 கூட்ட வேண்டும்.

155 செ.மீ. உயரமும் 75 கிலோ எடையும் உள்ள ஓர் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் வரும் எடை 48 கிலோகூட இல்லை. கொடுக்க வேண்டியது சுமார் 287 மி.லி. தராசு எடையை வைத்தால் 450 மி.லி. ஆகிவிடும், அதாவது கிலோவுக்கு 9.4. உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருப்பதில்லை. இந்தத் தவறு யாருடைய அறியாமையாலும் நடப்பதில்லை. கேஸ் ஷீட்டில் உயரத்துக்கான கட்டம் காலியாகக் கிடக்கிறது, அவசரத்தில் யாரோ கண்ணளவில் ஓர் எண் சொல்கிறார்கள். ஒவ்வொரு வென்டிலேட்டரிலும் ஓர் அளவுநாடாவும், உயரத்துக்கு நேரே டைடல் வால்யூம் அச்சிட்ட அட்டை ஒன்றும் கட்டித் தொங்கவிட்டால் போதும். நோயாளியைப் படுத்த நிலையில் நேராக்கி, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை அளக்கலாம்.

தலைமை என்பது இதற்கு அடுத்த படி. ஒரு மாதம் வென்டிலேட்டரில் இருந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை பேருக்கு உயரம் பதிவாகியிருந்தது, எத்தனை பேருக்கு டைடல் வால்யூம் கிலோவுக்கு 8 மி.லி.க்குள் இருந்தது, மூச்சை உள்ளே நிறுத்தி நுரையீரல் அழுத்தத்தை அளக்கும் பிளாட்டோ பிரஷர் 30-ஐத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? ஒரே தாளில் அடங்கும். அதைக் கூட்டத்தில் எடுத்து விசிறாதீர்கள். முதலில் ஐசியு தலைமை மருத்துவரிடம் தனியாகக் காட்டுங்கள். சபையில் முகம் சுருங்கியவர் உங்கள் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டார். மூன்று மாதம் கழித்து அதே தாளை மறுபடி நிரப்பி, இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

அடுத்தது வென்டிலேட்டரிலிருந்து விடுவிப்பது. நம் தொழிலின் ஆகப் பெரிய சாட்சி இங்கேதான் இருக்கிறது. 1996-இல் வெஸ்லி எலி (Ely) என்ற மருத்துவரின் குழுவினர் 300 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில் புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை. ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்டுகளும் நர்ஸுகளும் தினமும் ஐந்து கேள்வி கேட்டார்கள். ரத்த ஆக்சிஜனைக் கொடுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்து வரும் பிஎஃப் ரேஷியோ 200-க்கு மேலா? மூச்சை வெளிவிட்ட பிறகும் நுரையீரலில் நிறுத்தும் அழுத்தமான பீப் 5-க்குள்ளா? சளியை உறிஞ்சும் சக்ஷன் போடும்போது இருமுகிறாரா? நிமிடத்துக்கான மூச்சு எண்ணிக்கையை லிட்டரில் டைடல் வால்யூமால் வகுத்தால் 105-க்குள் வருகிறதா? ரத்த அழுத்தத்தை ஏற்றும் வாசோபிரஸரோ மயக்கத்தில் வைக்கும் செடேஷனோ ஓடாமல் இருக்கிறதா? ஐந்துக்கும் ஆம் என்றால் இரண்டு மணி நேரம் தானே மூச்சுவிடும் சோதனை, தேறினால் மருத்துவருக்குத் தகவல். வென்டிலேட்டர் காலம் 6 நாளிலிருந்து 4.5 நாளாகக் குறைந்தது. சிக்கல்கள் 41 சதவீதத்திலிருந்து 20 ஆயின.

இதையே நம் ஊரில் செய்யும்போது எங்கே சறுக்குகிறது? ஒவ்வொரு மூச்சுக்கும் கருவி தரும் உந்துதலான பிரஷர் சப்போர்ட்டை 10-இல் வைத்துக்கொண்டே அந்த 105 கணக்கைப் போட்டால் எண் பொய்யாகக் குறைந்து வரும், மூச்சுக்குழாயில் இருக்கும் ட்யூபை எடுத்த பிறகு திரும்பப் போட வேண்டியிருக்கும். பதினோரு மணிக்குச் சோதித்தால் ரவுண்ட்ஸ் முடிந்திருக்கும், முடிவு மறுநாளைக்குத் தள்ளிப்போகும். சோதனை காலை ஐந்து, ஆறு மணிக்குள் முடிய வேண்டும். இரவு செடேஷனைக் குறைப்பது நர்ஸ் கையில் இருப்பதால், அவர்களோடு சேர்ந்து எழுதாத புரோட்டோகால் பலிக்காது. பதிவேட்டில் ஒரு பத்தியைக் கூடுதலாகப் போடுங்கள்: 'தேறியும் எடுக்கவில்லை, காரணம்'. செடேஷன் நிறுத்தவில்லை, டியூட்டி டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில், இரவில் தெரபிஸ்ட் இல்லை என்று அங்கே சேர்பவைதான் பிறகு பணியிடம் கேட்கும் உங்கள் மனுவின் வாதங்கள்.

ஆக்சிஜனுக்கு வருவோம். 2021 கொரோனா இரண்டாம் அலை இந்த நாட்டுக்கு ஆக்சிஜன் கணக்கைக் கற்றுக்கொடுத்தது. பலர் அதை அப்போதே மறந்தும்விட்டார்கள். ஒரு டி டைப் சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். மூக்கு வழியே வேகமாகச் செலுத்தும் ஹை ஃப்ளோவில் நிமிடத்துக்கு 60 லிட்டர், நூறு சதவீதம் என்று விட்டால் இரண்டு மணி நேரம்கூட வராது. அதே 60 லிட்டரில் ஆக்சிஜனை 60 சதவீதமாக்கினால் சிலிண்டரிலிருந்து இழுப்பது சுமார் 30 லிட்டர்தான், மீதி சாதாரணக் காற்று. சாச்சுரேஷன் 99-இல் நிற்கும்போதும் யாரும் திருகைத் தொடாமலிருப்பது வெறும் விரயம். மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு 10 லிட்டரில் மூடாமல் விட்ட ஒரே ஃப்ளோமீட்டர் ஒரு நாளில் 14,400 லிட்டர் குடிக்கும், இரண்டு டி டைப் சிலிண்டருக்கு மேல். வார்டு வார்டாக வாரம் ஒருமுறை திறந்து கிடக்கும் ஃப்ளோமீட்டர்களை எண்ணி ஆக்சிஜன் பில்லோடு சேர்த்துக் காட்டுங்கள். கணக்குப் பிரிவு அதிகாரி நம்மைக் கவனிக்கும் நாள் அதுவாகத்தான் இருக்கும்.

பணியிடம் கேட்பதில் வழக்கமான பிழை ஒன்று உண்டு. 'இரண்டு பேர் வேண்டும்' என்று எழுதிவிடுகிறார்கள். ஓர் இருக்கையை, அதாவது எப்போதும் ஒருவர் இருக்க வேண்டிய இடத்தை, 24 மணி நேரமும் நிரப்ப ஆண்டுக்கு 8,760 மணி நேரம் தேவை. வாரம் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், விடுப்பும் பண்டிகையும் ஒரு 40 நாள் என்று வைத்தால் ஒருவர் தருவது சுமார் 2,180 மணி நேரம். ஆக, ஓர் இருக்கைக்கே நான்கு பேர். இரண்டு பேர் கிடைத்தால் இரவு காலியாகும். பிறகு 'தெரபிஸ்ட் வைத்தும் பயனில்லை' என்ற பேச்சு வரும். இருக்கை எத்தனை என்பதை வேலையை அளந்து சொல்லுங்கள். உதாரணத்துக்கு, 12 வென்டிலேட்டர், நாலு மணிக்கு ஒருமுறை பத்து நிமிடச் சோதனை என்றால் அதற்கே நாளில் 12 மணி நேரம். நெபுலைசர், ரத்த வாயுச் சோதனையான ஏபிஜி, ட்யூபைச் சுற்றிய பலூனின் கஃப் பிரஷர் 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது, எம்ஆர்ஐக்கு நோயாளியோடு போவது எல்லாம் தனி. நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்து எழுதுங்கள், உத்தேசம் வேண்டாம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கான சங்கம் 1946-இல் சிகாகோவில் தொடங்கியது. தகுதித் தேர்வு நடத்தும் பதிவகம் 1960-இல் வந்தது. கலிஃபோர்னியாவின் உரிமச் சட்டம் 1982-இல். சங்கம், தேர்வு, சட்டம் என்ற வரிசையைக் கவனியுங்கள். நமக்கு 2021-இல் சட்டம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம், துணைநிலைத் தொழில்முறையாளருக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில், என்கிறது. சுகாதாரத் தொழில்முறையாளர் என்ற பிரிவுக்கு 3,600 மணி நேரம். மாநிலந்தோறும் கவுன்சில் வேண்டும் என்றும் சொல்கிறது.

இதிலிருந்து உடனே செய்யக்கூடியவை உண்டு. மாணவர்கள் கிளினிக்கல் நேரத்தை நாள்வாரியாக லாக்புக்கில் எழுதி, பொறுப்பாளரிடம் அன்றே கையெழுத்து வாங்குங்கள். ஆண்டு முடிவில் மொத்தமாகப் போடும் கையெழுத்து, சரிபார்ப்பு என்று வந்தால் நிற்காது. வேலைவாய்ப்பு விளம்பரத்தில் 'ஏதாவது ஒரு டிப்ளமோ' என்றோ ஆறு மாதச் சான்றிதழ் போதும் என்றோ பார்த்தால், கோபமாகப் பதிவு போடுவதோடு விட்டுவிடாதீர்கள். சட்டத்தின் மணி நேர வரையறையை மேற்கோள் காட்டி, விண்ணப்பக் கடைசித் தேதிக்கு முன்பே நிறுவனத்துக்கும் மாநிலச் சுகாதாரத் துறைக்கும் ஒரு பக்கக் கடிதம் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சங்கத்தின் பெயரில் போகட்டும், நகல் ஒன்றும் தபால் ரசீதும் சங்கக் கோப்பில் இருக்கட்டும்.