வெள்ளப் படமும் பின்பக்க எழுத்தும்

(உலகப் புகைப்பட தினத்தையொட்டிக் குன்னூரில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, இந்த மழையிலும் கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தேயிலை விவசாயிகள் சங்கச் செயலாளர் அவர்களே, கூடம் தந்த நூலகர் அம்மா அவர்களே, ஸ்டுடியோ தொழிலில் எங்களுக்கெல்லாம் மூத்த அண்ணாச்சி அவர்களே, பொன்னாடையோடு காத்திருக்கும் பொருளாளர் அவர்களே, வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்தேன். வெள்ளத்தைப் படமெடுத்தவர்கள், வெள்ளத்தோடு வரும் பணமுடை, நம் மலை ஓடைகள்.

1937 ஜனவரியில் அமெரிக்காவில் ஒஹையோ ஆறு ஊர்களுக்குள் புகுந்தது. 1929இல் பிடித்த பொருளாதாரப் பெருமந்தமே இன்னும் விடவில்லை, அதன்மேல் வெள்ளம். லூயிவில் நகரில் மார்கரெட் பர்க்-ஒயிட் ஒரு படம் எடுத்தார். பின்னாளில் காந்தியை ராட்டையோடு எடுத்தாரே, அதே அம்மாதான். நிவாரணத்துக்காகக் கறுப்பின மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். பின்னால் பெரிய விளம்பரப் பலகை: காரில் சிரிக்கும் வெள்ளைக்காரக் குடும்பம், ‘உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத் தரம்’ என்ற வாசகம். இன்று இதைப் பார்க்கும் பலர், வேலை இல்லாதவர்களின் வரிசை என்றே நினைக்கிறார்கள். ஏன்? படம் ஊரூராகப் போனது, குறிப்பு அதோடு போகவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்! படத்துக்கு அளவு என்பது அந்தக் குறிப்புதான்.

அதே வெள்ளத்தில் ஆர்கன்சா அகதி முகாம்களை அரசாங்கத்துக்காக எடுத்தவர் வாக்கர் எவன்ஸ். அந்தப் படங்கள் ஊர், மாதம், ஆண்டு சகிதம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன.

நம் கதைக்கு வருவோம். 2009 நவம்பர் மண்சரிவில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அப்போது ஒரு பாட்டி, கொழுந்து பறிக்கிறவர், நிவாரணம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், எனக்கும் அங்கே வேலை ஆக வேண்டும். “வீடு இருந்ததுக்கு என்ன பாட்டி ஆதாரம்?” என்றார் அதிகாரி. பாட்டி மஞ்சப்பையிலிருந்து மகள் கல்யாண ஃபோட்டோவை எடுத்து நீட்டினார். “இது கல்யாணம், வீடு எங்கே?” “மாப்பிள்ளையைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கய்யா, பின்னாடி தெரியுதே பச்சைச் சுவரு, அதுதான்.” அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “மாப்பிள்ளை நகர மாட்டேங்கிறாரே” என்றார். “அவரு அப்பவும் அப்படித்தான்யா, சம்பந்தி வீட்டு ஆளு!” கூட நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் வேலையை முடித்தது சிரிப்பு அல்ல. படத்தைத் திருப்பினால் ஸ்டுடியோக்காரர் எழுதியிருந்தார்: தேதி, லைன் வீடுகளின் (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு வரிசை) பெயர், வீட்டு எண். அளந்து போட்டிருக்கிறார் மனிதர்!

இப்போது எல்லோர் கையிலும் ஃபோன். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது எத்தனை படம் வந்தது! அடுத்த மழைக்கு அதே படங்கள் ‘இன்று காலை’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன.

ஊட்டி இந்து நகரில் ஃபிலிமே தயாரித்த மாவட்டம் இது. தொழிற்சாலை போய்விட்டது. அந்த ஃபிலிமில் எடுத்த நெகட்டிவ்கள் மட்டும் ஸ்டுடியோ பரண்களில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. அவற்றுக்கு ஊட்டியில் ஒரு காப்பகம் வேண்டும். வாசலில் மனு இருக்கிறது, கையெழுத்துப் போடாமல் யாரும் டீ குடிக்கக் கூடாது.

தலைவர் மணியைப் பார்க்கிறார். ஓடையைப் பற்றி அப்புறம் பேசுகிறேன். வீட்டிலிருக்கும் மழைப் படங்களை அடுத்த ஞாயிறு இங்கே கொண்டுவாருங்கள். பின்பக்கம் ஊரும் ஆண்டும் எழுதுங்கள், பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். பென்சிலால், அழுத்தாமல்.