பிள்ளையின் மணிக்கட்டு முறிந்தால்

நேயர்களுக்கு வணக்கம். கோடை விடுமுறை வந்துவிட்டால் எங்கள் எலும்பு முறிவுப் பிரிவில் பிள்ளைகள் கூட்டம்தான். கொல்லாமரத்தில் ஏறி விழுந்தவன், சைக்கிளோடு சரிந்தவள். விழும்போது கையை ஊன்றுவார்கள்; மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறியும்.

திங்கள்சந்தைப் பக்கமிருந்து ஒரு தாய் ஏழு வயது மகனோடு வந்தார். எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் லேசாகப் புடைத்திருந்தது, அவ்வளவுதான். துணிக்கட்டு போதும் என்றேன். "மாவுக்கட்டு போடாம எப்படி சார் கூடும்?" என்றார். நியாயமான பயம். பிரிட்டனில் இப்படிப் புடைப்பு முறிவு வந்த 965 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு மென்கட்டு, மீதிப் பேருக்கு அசையாத கட்டு. மூன்றாம் நாள் வலியிலும் ஆறாம் வாரத்தில் கை இயங்குவதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

எலும்பு விலகியிருந்தால் கதை வேறு. மயக்கம் கொடுத்து நேராக்கி மாவுக்கட்டு போடுவோம். மறுபடி நழுவும் என்று தோன்றினால் மெல்லிய கம்பி செருகி, சில வாரத்தில் உருவிவிடுவோம். ஆனால் பத்து வயதுக்குள் கொஞ்சம் கோணல் இருந்தாலும் வளர வளர அதுவே நிமிரும். முன்கை எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு மணிக்கட்டுப் பக்கத்துக் குருத்திலிருந்து, அதாவது எலும்பு நீளும் மென்மையான பகுதியிலிருந்துதான் வருகிறது. அந்தக் குருத்தே அடிபட்டிருந்தால், பத்து நாள் கழித்துப் பிடித்து இழுப்பது வளர்ச்சியைக் கெடுக்கும். அதனால்தான் முதல் நாளே எக்ஸ்ரே எடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வர்ம ஆசான்கள் வாழும் குமரி மாவட்டம் இது. அவர்கள் கைப்பக்குவத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனாலும் ஒரு சிறுவனை என்னால் மறக்க முடியவில்லை. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி இரண்டு ராத்திரி ஆகியிருந்தது. எண்ணெய் மணம். விரல்கள் வீங்கிக் கருநீலம். நடுவிரலை மெல்ல நிமிர்த்தியதும் அலறினான். கட்டை அவிழ்த்து, உடனே அறுவை செய்துதான் அந்தக் கையைக் காப்பாற்றினோம்.

மாவுக்கட்டு இறுகினாலும் இதே ஆபத்துதான். முதல் இரண்டு நாள் கையைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். வலி ஏறிக்கொண்டே போகிறதா, விரல் மரத்துப்போகிறதா, நிறம் மாறுகிறதா, நிமிர்த்தினால் துடிக்கிறானா? ஒன்று இருந்தாலும், இரவு இரண்டு மணியானாலும் காலைவரை காத்திராமல் கிளம்பிவிடுங்கள்.