கொண்டாட்டத்தின் நடுவே ஓர் ஒப்பாரி மெட்டு

அவையோருக்கு வணக்கம். யூதர்களின் வழிபாட்டு இசையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அது கடல். நான் ஒரே ஓர் இரவை எடுத்துக்கொள்கிறேன்: யூதர்கள் அழிவிலிருந்து தப்பியதைக் கொண்டாடும் பூரிம் பண்டிகை இரவு. ஆதார் மாதம் 14-ஆம் நாள். யூதக் கணக்கில் பொழுது சாயும்போதே நாள் பிறந்துவிடும்.

அன்று ஜெப ஆலயத்துக்குள் நுழைந்தால் வழிபாடு நடக்கிற இடம் என்றே தோன்றாது. ராஜா வேஷம், ராணி வேஷம் போட்ட பிள்ளைகள். கையில் ஆளுக்கொரு கிலுக்கு. அந்தக் கதையைச் சொல்லும் வேதநூலான எஸ்தர் சுருளை வாசிக்கையில் ஆமான் பெயர் வரும்போதெல்லாம் அதைச் சுழற்றுவார்கள். பெரியவர்கள் தரையை உதைப்பார்கள். யூதர்களை அடியோடு அழிக்க நாள் குறித்தவன் அல்லவா! இரைச்சல் அடங்கும்வரை வாசிப்பவர் காத்திருப்பார். ஒரு சொல்கூட யாருக்கும் விட்டுப்போகக் கூடாது என்பது விதி.

அவர் பாடு லேசானதல்ல. தோலில் கையால் எழுதிய சுருளில் உயிர்க்குறியும் இல்லை, ராகக்குறியும் இல்லை. அச்சுப் புத்தகத்தைப் பார்த்து முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு வர வேண்டும். ஆமானின் பத்து மகன்களின் பெயர்களை ஒரே மூச்சில் சொல்வதும் அதில் சேர்த்தி.

எஸ்தர் சுருளுக்கென்றே துள்ளலான மெட்டு ஒன்று உண்டு. ஐரோப்பிய யூதரான அஷ்கெனாசிகளின் வழக்கத்தில், சில இடங்களில் மட்டும் அது சட்டென்று மாறும். முதல் அதிகாரத்தில் பாரசீக மன்னனின் விருந்து. பொற்கிண்ணங்கள் விதவிதமாக இருந்தன என்ற இடத்தில் குரல் தாழ்ந்துவிடுகிறது. அவை எருசலேம் ஆலயத்திலிருந்து கொள்ளைபோன பாத்திரங்கள் என்பது பழைய மரபுக் கதை. அப்போது கேட்பது புலம்பல் நூலின் மெட்டு. ஆலயம் இடிந்ததை நினைத்து, ஆப் மாதம் 9-ஆம் நாள் இரவு, விளக்கைக் குறைத்துத் தரையில் உட்கார்ந்து ஓதுகிற மெட்டு.

இரண்டாம் அதிகாரத்தில்தான் எனக்கு மெய் சிலிர்க்கும். “சூசானில் ஒரு யூதன் இருந்தான்” என்ற வசனத்தைச் சபையே முதலில் உரக்கச் சொல்லும். எஸ்தரை வளர்த்த மொர்தெகாய் வந்துவிட்டான் என்ற பூரிப்பு. அடுத்த வசனமோ, எருசலேமிலிருந்து யூதர்களைச் சிறைபிடித்துக்கொண்டு போனதைச் சொல்கிறது. கூவின வாய் மூடுவதற்குள் ஒப்பாரி மெட்டு. விளக்கம் சொல்ல யாரும் எழுந்திருப்பதில்லை. எபிரெயம் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் காது சொல்லிவிடும்.

ஒரே ஒரு வசனம்தான். அதற்கடுத்ததில், தாய் தகப்பன் இல்லாத எஸ்தர் வருகிறாள்; பழைய மெட்டு திரும்பிவிடுகிறது. பிள்ளைகள் கிலுக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆமான் பெயர் மூன்றாம் அதிகாரத்தில்தான் வரும்.